மாடி வீட்டின் நெகட்டிவ்

ஆனையூரில் புதிதாகக் கட்டிய மாடி வீடு ஒன்றை ரோட்டில் நின்று படம் எடுத்து, பெயிண்ட் கடைக் காலண்டருக்கு விற்றேன். எழுபதுகளின் கடைசியில் என் ஸ்டுடியோ அப்படித்தான் ஓடியது. வீட்டுக்காரர் ஒரு வக்கீலோடு வந்து நின்றார்.

“எவனைக் கேட்டு எடுத்த? ஊர்க்கண்ணு அம்புட்டும் என் வீட்டு மேலதான்!”

ரோட்டிலிருந்து எடுத்தால் குற்றமில்லை, படமும் எடுத்தவனுக்கே சொந்தம் என்றார் வக்கீல். சொல்லி முடிக்கவில்லை, வீட்டுக்காரர் என்னைக் கன்னத்தில் அறைந்தார். திருஷ்டி கழிக்கும்போது நெகட்டிவையும் சேர்த்து எரிக்க வேண்டுமாம்.

எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கிப் போனார். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும் நெகட்டிவில் அவருக்கு என்ன விளங்கும்? நான் கொடுத்தது ஒரு சினிமாக் கொட்டகையின் நெகட்டிவ்.

மறு வருஷம் அவருடைய மகன் வந்தான்.

“அம்மா தவறிட்டாங்கண்ணே. போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு அப்பா விட்டதே இல்ல. உங்க காலண்டர்ல மாடியில துணி காயப்போடுறது அம்மாதான். பொடிசாத் தெரியுது. இன்னொரு நெகட்டிவ் இருந்தா முகத்தை மட்டும் பெருசாக்கித் தாங்கண்ணே.”

“ஒண்ணுதான் இருந்துச்சு. அதை உங்கப்பா எரிச்சுட்டாரேப்பா.”

அவன் படியிறங்கியதும் டிராயரைத் திறந்து நெகட்டிவை எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் தெளிவாகத்தான் விழுந்திருந்தது.