பதில் அமுக்கு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு போர்வையைப் பிழிந்தது. வாஷிங் மெஷின் பழுதாகியிருந்தது. மோட்டார் வர வேண்டும். மொட்டைமாடியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிராக நின்றோம். நான் முறுக்கினேன். அம்மா அசையாமல் பிடித்திருந்தால் போதும். இரண்டாவது முறுக்கில் அவள் பக்கத்து முனை நழுவித் தரையில் விழுந்தது.

குனிந்து எடுத்தாள். இந்த முறை விரல்களை நம்பவில்லை. முனையை முன்கையில் சுற்றிக்கொண்டாள்.

"இப்ப முறுக்குடி. நான் எங்க போயிடப் போறேன்?"

பிழிந்து கொடியில் போட்டோம். அவள் வலது கையை முகத்துக்கு நேராகப் பிடித்து, விரல்களை மூடித் திறந்து பார்த்தாள்.

"மதி, இனிமே இதுல பலம் ஏறாது. இருக்கறத வெச்சிக்கிட்டே போயிடுவோம். ஞாயித்துக்கெழம பரங்கிப்பேட்டைக்கு."

"சரிம்மா."

"அதுவரைக்கும் என்ன எதையும் பிழியச் சொல்லாத. மிச்சம் வெக்கணும்."

ஒரே ஒரு முறை ஒரு கையை அமுக்குவதற்காக மிச்சம் வைக்கச் சொன்னாள். அது ஆரோக்கியம்மாளின் கை.

அம்மாவின் பெயர் பட்டம்மாள். குஸ்தி போட்டவள். பொருட்காட்சித் திடலில் ரிங் கட்டி, டிக்கெட் கொடுத்து நடத்துகிற குஸ்தி. யார் ஜெயிப்பது என்று சாயங்காலமே முடிவாகிவிடும். ஞானசேகரன் என்கிற காண்டிராக்டர் நடத்தினார். மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு போடுகிற குடும்பத்தில் பிறந்து, பள்ளியில் குண்டு எறிந்துகொண்டிருந்த அம்மாவை அவர்தான் கண்டுபிடித்தார். பரங்கிப்பேட்டையில் வலை இழுக்கிற வீட்டிலிருந்து ஆரோக்கியம்மாளையும் பிடித்து வந்தார். போஸ்டரில் அம்மா 'சிதம்பரம் பட்டம்மாள்' ஆனாள். அந்த அம்மாள் 'கடலூர் ஆரோக்கியம்'.

"கடலூர் பக்கத்துல பொறந்த நான் சிதம்பரம், சிதம்பரம் பக்கத்துல பொறந்தவ கடலூரு. மாத்திப் போட்டுட்டீங்களேண்ணே" என்று அம்மா கேட்டாளாம்.

"எவன் வந்து ரேஷன் கார்டு பாக்கப் போறான்? நீ ஒல்லி, அவ குண்டு. குண்டுதான் கெட்டவ. கடலூர்ல மட்டும் அவ நல்லவ."

சிதம்பரத்தில் ஆட்டம் என்றால் அம்மா ஜெயிப்பாள். கடலூரில் என்றால் ஆரோக்கியம் ஜெயிப்பாள். மற்ற ஊர்களில் மாற்றி மாற்றி. ரிங்குக்கு வெளியே ஒரு கட்டுப்பாடு இருந்தது. இரண்டு பேரும் எந்த ஊரிலும் சேர்ந்து நிற்கக் கூடாது. வேறு வேறு பஸ், வேறு வேறு லாட்ஜ். ஒருத்தி டீ குடிக்கிற கடைப் பக்கம் இன்னொருத்தி போகக் கூடாது. ஜனம் வருவது பகையைப் பார்க்க. சேர்ந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டால் அடுத்த நாள் திடல் காலி. ஒருத்தியை ஒருத்தி திட்டுவதும் வேலையில் சேர்த்திதான். மூடிக் கிடந்த ஒரு அரிசி மில்லின் களத்தில் விடிகாலையில் பயிற்சி. அம்மாவுக்கு அவளைவிட நெருங்கின சிநேகிதி கிடையாது. அது அப்பாவுக்கும் ஞானசேகரனுக்கும் மட்டும் தெரியும். அப்பா சுப்பராயலு அந்தக் கம்பெனியில் லைட் போடுகிறவர்.

தூக்கிப் போடுகிறவள் ஆரோக்கியம், விழுகிறவள் அம்மா. கடலூரில் மட்டுமல்ல, சிதம்பரத்தில் அம்மா ஜெயிக்கிற ஆட்டத்திலும் முதல் பாதி முழுக்க விழுவாள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். இரண்டு உள்ளங்கையும் அதே நொடியில் தரையை அறைய வேண்டும். விசை பரப்பில் பிரிந்துவிடும். நான் டிப்ளமோ படித்தபோது இது புரிந்தது. அம்மா உடம்பில் தெரிந்து வைத்திருந்தாள்.

விழுந்ததும் ஆரோக்கியம் மேலே பாய்ந்து, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தரையோடு அழுத்துவாள். ஜனத்துக்கு அது பிடி. உள்ளே அது கேள்வி. உள்ளங்கையில் ஒரு அமுக்கு: சரியா இருக்கியா? அம்மா திருப்பி அமுக்குவாள்: இருக்கேன். பதில் வந்த பிறகுதான் அடுத்த பிடி. அம்மாவின் வாய் அப்போது 'ஐயோ, கொல்றாளே' என்று கத்திக்கொண்டிருக்கும். வாய் ஜனத்துக்கு, கை நமக்கு என்று சொல்லிக்கொள்வார்கள்.

கடைசி ஆட்டம் கடலூரில். எனக்கு நான்கு வயது. மழை தூறி ரிங்கின் தார்ப்பாய் நனைந்திருந்தது. ஞானசேகரன் துடைக்கச் சொன்னார், துடைத்தார்கள், ஈரம் போகவில்லை. ஆரோக்கியம் அம்மாவைத் தோளுக்கு மேலே தூக்கினாள். கால் வழுக்கியது. அம்மா முதுகில் விழவில்லை. கழுத்தில் விழுந்தாள்.

ஆரோக்கியம் மேலே பாய்ந்து கையைப் பிடித்து அமுக்கினாள். பதில் வரவில்லை. மறுபடியும் அமுக்கினாள். கை துணி மாதிரி கிடந்தது. அம்மா கத்தவும் இல்லை. உதட்டை அசைக்காமல் "முடிச்சிடு" என்றாள். ஆட்டத்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்பதும் கட்டுப்பாடு. ஆரோக்கியம் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினாள். அது கடலூர். ஜனம் கைதட்டியது. ஸ்ட்ரெச்சர் வந்தபோதுதான் கைதட்டல் நின்றது. செருப்புகள் பறந்தன, எல்லாம் ஆரோக்கியத்தின் மேல்.

ஞானசேகரன் அதையும் விடவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சிதம்பரம் முழுக்க 'பழிக்குப் பழி' என்று போஸ்டர் ஒட்டினார். அந்த ஆட்டம் நடக்கவில்லை. அம்மா திரும்ப ரிங் ஏறவில்லை. கம்பெனியும் கலைந்தது.

கால் வந்தது. இடது கை வந்தது. வலது கை முக்கால்வாசி வந்தது.

அண்ணாமலை நகர் பக்கத்தில் தனியார் பெண்கள் விடுதி ஒன்றில் அம்மாவுக்கு வாசல் காவல் வேலை கிடைத்தது. முதலாளி அவளை எடுத்ததே நிஜக் குஸ்திக்காரி என்பதால்தான். வாசலில் வந்து நிற்கிற பையன்களிடம், "கடலூர்காரி கழுத்தையே ஒடச்சா, அப்பவும் இந்தம்மா சாவல. போ, போய் வம்பு பண்ணிப் பாரு" என்பார். அந்தப் பேர்தான் அவளுடைய வேலை. ஆரோக்கியத்தோடு ஒரு நாள் கடைத்தெருவில் நடந்தால் அந்தப் பேர் போய்விடும். குஸ்தி நாடகம் என்றால் கழுத்தும் நாடகம் என்றுதானே சொல்வார்கள்? அதனால் கட்டுப்பாடு நீடித்தது. கம்பெனி போய், ஞானசேகரன் செத்து, அப்பா செத்து, அதற்குப் பிறகும் நீடித்தது.

எங்கள் தெரு முனை டீக்கடைப் பெரியவர் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"என்னா பட்டம்மா, கடலூர்காரியப் பழி வாங்க எப்பப் போற?"

"அவளுக்கு நல்ல காலம் மாமா. எனக்கு டூட்டி மாத்தி விட ஆளில்ல."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அதே கடலூர்காரிக்குப் போன் போடுவாள். ஆரோக்கியம் பரங்கிப்பேட்டையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மா கீரை ஆய்வாள்.

"கை எப்படிடி இருக்கு?"

"ஒன் கழுத்த நெரிக்கிற அளவுக்கு இருக்கு."

"நீ விழுறவ. எலும்பு ஒடஞ்சாலும் ஒண்ணுமில்லம்ப. ஒன் வாய எவ நம்புவா?"

"தார்ப்பா ஈரம்டி. நீ என்னா பண்ணுவ?"

"நான் அமுக்குனேன். நீ பதில் குடுக்கல."

"இப்பக் குடுக்கறேன், வா."

"ஒன் எதிர்ல வர மூஞ்சி இல்ல பட்டு. போன வெய்யி."

வாரம் ஒருமுறை இதே பேச்சு. வாயால் சொல்லி அவளை நம்பவைக்க முடியாது என்று அம்மாவுக்குத் தெரியும். நேரில் போய்க் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். அது பலமாக இருக்க வேண்டும். முக்கால்வாசிக் கையோடு போனால் அந்த அம்மாள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் கை தேறட்டும், தேறட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

கடலூரில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை. பழைய ரத்த அழுத்தக் கருவி ஒன்றை வாங்கிவந்து, பட்டையைச் சுருட்டிக் கொஞ்சம் காற்றடைத்து அம்மாவிடம் கொடுத்தேன். அமுக்கினால் முள் ஏறும். விடுதி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து அமுக்குவாள். ஒரு காலத்தில் முள் நன்றாகவே ஏறியது. அப்போது அப்பா படுக்கையில் கிடந்தார், அவரை விட்டு நகர முடியவில்லை. பிறகு முள் இறங்க ஆரம்பித்தது. கருவியில் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். கருவி சரியாக இருந்தது.

ஸ்கேன் எடுத்தோம். பழைய முறிவு கோணலாகக் கூடி, கழுத்துக்குள் தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கழுத்துப் பட்டை கொடுத்தார். இருப்பதும் குறைந்தது. பொத்தான், கரண்டி, கடைசியில் போர்வை.

போர்வை பிழிந்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை அம்மா குளியலறையில் மல்லாந்து விழுந்தாள். நான் கதவைத் திறந்தபோது மூச்சில்லை. பின்மண்டை என்றார் டாக்டர். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி இருந்தன. தரையை அறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெரு முனையோடு நின்றுவிட வேண்டும். அங்கே எதிர்ச்சாரியில், டீக்கடை ஓரமாக, கனத்த உடம்போடு ஒரு அம்மாள் மடக்கிய குடையுடன் நின்றிருந்தாள். நேரில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. போஸ்டரில் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை போனில் நான்தான் சொல்லியிருந்தேன்.

டீக்கடைப் பெரியவருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏய், நீ கடலூர் ஆரோக்கியம்தானே? இப்ப சந்தோஷமா ஒனக்கு?"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் அழுதிருந்தால் அம்மா நாடகக்காரி ஆகியிருப்பாள். ஆரோக்கியம் இடுப்பில் கையை வைத்தாள்.

"உசுரோட இருந்தா இன்னிக்கும் சாச்சிருப்பேன். செத்தவகிட்ட என்னாயா சண்ட?"

"தூ. போடி அந்தாண்ட" என்றார் அவர்.

வண்டி திரும்பியது. அவள் பாதையைக் கடக்கவில்லை. குடையை விரிக்கப் பார்த்தாள். விரிக்க முடியவில்லை. மடக்கியபடியே எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

காரியம் முடிந்ததும் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். வாசலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

"விழுந்தப்போ கைய அறைஞ்சாளா?"

"இல்ல அத்த."

"அப்ப அன்னிக்குப் போன கை வரவே இல்ல."

"வந்துச்சு. ரொம்ப நாள் நல்லா இருந்துச்சு. அம்மா கடைசிவரைக்கும் ஒங்க மேல தப்பு இல்லன்னுதான் சொன்னாங்க."

"அது வாயி" என்றாள்.

நான் அவள் கையை எடுத்து அமுக்கினேன். என்னால் முடிந்த அளவு பலமாக. அவள் கையை விட்டுவைத்தாள். உப்பு படிந்து சொரசொரவென்று இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தாள்.

"நீ விழுந்தவ இல்லியே பாப்பா" என்றாள்.

கையை இழுத்துக்கொண்டு காக்கையை விரட்டப் போனாள்.

பரங்கிப்பேட்டைக்கு என்று அம்மா வெள்ளிக்கிழமையே ஒரு துணிப்பை எடுத்து வைத்திருந்தாள். தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, கழுத்துப் பட்டை. பஸ் குலுக்கும் என்பதால் பட்டையைப் போட்டுக்கொள்வாளாம். ஊர் வருவதற்கு முன் கழற்றிவிட வேண்டும், ஆரோக்கியம் பார்க்கக் கூடாது, ஞாபகப்படுத்து என்று என்னிடம் சொல்லியிருந்தாள். பை கதவுக்குப் பின்னால் ஆணியில் இருக்கிறது.