பந்தைப் பிடித்தால் ஒரு புள்ளி

ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் என்னோடு யாரும் வாய் கொடுக்கக்கூடாது. மருந்துக்கடை வேலை முடிந்து லண்டன் கிங்ஸ்பரியில் இருக்கிற வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். அமெரிக்காக்காரர் ஆடுகிற, கையால் பந்தை எறிந்து பிடித்து ஓடுகிற அந்தக் கால்பந்தாட்டத்தின் வீரர்களை முதலாம் ஆளிலிருந்து இருநூறாம் ஆள் வரை வரிசைப்படுத்துவது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. நான் முன்னுக்குப் போட்டவன் முதல் கிழமையே காலை முறித்துக்கொண்டால் கனடாவிலிருந்துகூட ஏச்சு வரும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் லீக்கில் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர், லண்டனிலும் கனடாவில் ஸ்காபரோவிலுமாக இருக்கிற ஒன்றுவிட்ட சகோதரங்கள், மச்சான், மச்சாள்மார். ஆட்டப் பருவம் தொடங்குமுன் ஒருநாள் ஃபோனில் கூடி, முறைவைத்து, உண்மையான வீரர்களை ஆளுக்கு ஒருவராகத் தெரிந்தெடுத்துக் கற்பனை அணிகள் அமைப்போம். அதற்குப் பெயர் டிராஃப்ட். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வீரர்கள் மைதானத்தில் செய்வது எங்கள் கணக்கில் புள்ளியாக ஏறும். நடுவில் யாருக்கும் மனம் மாறினால் தன்னுடைய ஒருவனைக் கொடுத்து மற்றவருடைய ஒருவனை வாங்கலாம். அது ட்ரேட்.

எங்கள் லீக்கில் பந்தைப் பிடித்தாலே ஒரு புள்ளி. பிடித்த இடத்திலேயே விழுத்தப்பட்டாலும் புள்ளி புள்ளிதான். இந்த ஒரு விதியால் வரிசை முழுவதும் தலைகீழாகிவிடும். எல்லையைத் தாண்டிப் பாய்ந்து, படம் எடுக்கப்பட்டு, விளம்பரத்தில் வருகிற வீரன் ஐந்தாறு இடம் கீழே போவான். ஆட்டம் முழுக்கச் சின்னச் சின்னப் பந்துகளாகப் பிடித்து, ஒவ்வொரு தடவையும் மூன்று பேரிடம் அடிவாங்கி எழும்புகிற குள்ளன் மேலே வருவான். அவன் எத்தனை பந்து பிடித்தான் என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் எத்தனை தடவை அவனை நோக்கி எறிந்தார்கள் என்று பார்ப்பேன். ஒருவனை நம்பி எறிகிறார்களா இல்லையா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. அம்மா போனபிறகு அவர் என்னோடுதான் இருக்கிறார். எனக்குக் கலியாணம் ஆகவில்லை, அந்த வரிசையில் என் பெயரை எங்கள் ஆட்கள் எப்போதோ கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆகவே ஞாயிறு பின்னேரங்களில் சோபாவில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

"பிடிக்கிறதுக்குத்தானே அவனுக்குச் சம்பளம் குடுக்கினம்? அதுக்கும் ஒரு புள்ளியோ?" என்பார்.

"ஓம் அப்பா. எங்கட லீக்கில அப்பிடித்தான்."

"நல்ல லீக்."

அப்படிச் சலித்துக்கொண்டவர்தான், போன வருடம் ஒரு இடம் காலியானபோது, "அதை எனக்குத் தாவன்" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பிறகு பார்த்தால் மனிதர் பகிடி விடவில்லை.

டிராஃப்டை ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வைத்திருந்தோம், ஸ்காபரோக்காரருக்கு அது மத்தியானம். அப்பா கோயில் கலண்டரை எடுத்து வந்து, லண்டனுக்கென்று கணித்த இராகு காலத்தைக் காட்டி, அது முடியாமல் ஒருவரையும் தெரிந்தெடுக்கக்கூடாது என்று நின்றுவிட்டார். "மாமா, இங்க எங்களுக்கு ராகு வேற நேரத்திலயெல்லே வாறார்" என்று ஸ்காபரோ மச்சான் ஒருவன் சொல்லிப் பார்த்தான். கடைசியில் பன்னிரண்டு பேரும் இரண்டு ஊர் இராகு காலத்துக்கும் தப்பிய ஒரு நேரத்தைத் தேடிப் பிடித்தோம். டிராஃப்ட் தொடங்கியதும் அப்பா என் வரிசையைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வீரனையும் பற்றி என்னிடம் கேட்டார்: "இவன் எந்த ஊர்? தகப்பன் என்ன செய்யிறார்? ஆக்கள் எப்பிடி?"

ஃபோனில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் என் தம்பி.

தம்பி தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் இருக்கிறான். அவன் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்ன நாளில் அப்பா கேட்டதும் இதே கேள்விகள்தான். பெண்ணின் தாய் தகப்பன் யாழ்ப்பாணம் என்று கேட்டு முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு எந்த ஊர் என்றார். பிறகு ஆக்கள் எப்படி என்றார். சாதி என்ற சொல்லை எங்கள் வீடுகளில் யாரும் வாயால் சொல்வதில்லை, சொல்லாமலே எல்லாம் நடக்கும். ஊருக்கு இரண்டு ஃபோன் போட்டு விசாரித்தார். பதில் கிடைத்ததும் ஃபோனை வைத்துவிட்டு, "நான் வரமாட்டன்" என்றார். வரவும் இல்லை. கலியாண மண்டபத்தில் தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அன்று எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை. வீட்டில் நான் தம்பியின் மனைவியைப் பற்றி ஏதும் தொடங்கினால் அப்பா எழுந்து தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடப் போய்விடுவார். நானும் போகப் போக "அவையள்" என்று மொத்தமாகச் சொல்லப் பழகிவிட்டேன். அவையள் சுகம். அவையள் வீடு மாறினம். அவ்வளவுதான்.

அப்பா ஏன் லீக்கில் சேர்ந்தார் என்பது எனக்கு விளங்க ஒரு மாதம் பிடித்தது. ஞாயிறு பின்னேரம் ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு இருப்பார். தன் அணி தோற்கிறதா வெல்கிறதா என்று கேட்டால் தெரியாது. ஆனால் தம்பியின் அணிக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் உடனே சொல்வார். "இந்தக் கிழமை அவனுக்குச் சரியில்லை, அந்தப் பெடியனுக்குத் தொடைச் சதை பிடிச்சுக்கொண்டுது" என்று கவலைப்படுவார்.

நவம்பரில் தம்பிக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் எனக்கு மட்டும் ஃபோன் எடுத்தான். நான் வரவேற்பறைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

"பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்ல சுகம்."

"ஓம்," என்றார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை எத்தினை மணிக்கு மேட்ச்?" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. பேரப்பிள்ளை பிறந்தால் எங்கள் ஆட்கள் முதலில் ஓடுவது நகைக்கடைக்கு. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குக் காப்பு, சங்கிலி என்று பெட்டியோடு போய் நிற்பார்கள். இவர் மேட்ச் நேரம் கேட்கிறார்.

அடுத்த நாள் வேலையில் இருக்கும்போது ஃபோன் துடித்தது. லீக்கை நடத்துகிறவள் நான் என்பதால் யார் ட்ரேட் கேட்டாலும் எனக்குத் தெரியவரும். அப்பா தம்பிக்கு ஒரு ட்ரேட் அனுப்பியிருந்தார். தான் கொடுப்பது, ஆகஸ்டில் எங்கோ கீழே இருந்து இப்போது என் வரிசையில் மூன்றாம் இடத்துக்கு ஏறியிருந்த ரிசீவரை, ஒவ்வொரு ஞாயிறும் பத்துப் பந்துக்குக் குறையாமல் பிடிக்கிறவனை. பதிலுக்குக் கேட்பது, காயத்தோடு மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருக்கிற, நான் வரிசையிலேயே சேர்க்காத ஒருவனை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே தொடங்கினேன்.

"அப்பா, இப்பிடி ட்ரேட் பண்ணேலாது. ரெண்டு பக்கமும் சமனாய் இருக்கவேணும். இதைக் கண்டால் மற்றவை களவு எண்டு சொல்லுவினம்."

"என்ன களவு? என்ர ஆள். என்ர பிள்ளைக்குக் குடுக்கிறன். அவைக்கென்ன?"

"இது விளையாட்டு அப்பா."

"எனக்குத் தெரியும், விளையாட்டெண்டு," என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த மனிதர் காப்புக்குப் பதிலாக ஒரு ரிசீவரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று. நகைப்பெட்டியோடு மிச்சத்துக்குப் போனால் தான் செய்தது பிழை என்று வாசலில் நின்று ஒத்துக்கொள்ளவேண்டி வரும். இதை சோபாவில் இருந்தபடியே கொடுக்கலாம்.

தம்பி மறுத்துவிட்டான். அடுத்த கிழமை அப்பா திரும்பவும் அனுப்பினார், இம்முறை பதிலுக்குக் கேட்டவன் இன்னும் உதவாதவன். அதையும் மறுத்தான். மூன்றாம் தடவை தம்பி எனக்கு ஃபோன் எடுத்தான்.

"அக்கா, ப்ளீஸ், அவரை நிப்பாட்டச் சொல்லு. எனக்கு அவற்ற பிளேயர் வேண்டாம்."

"அவருக்கு வேற தெரியேல்லையடா."

"தெரியாதோ? என்ர வைஃப் ஒரு மனிசி எண்டு தெரியாதோ? அவளைப் பற்றி ஒரு சொல்லு கேக்கட்டும். ஒரேயொரு சொல்லு. பிறகு பாப்பம்."

அந்தச் சனிக்கிழமை பிள்ளையைப் பார்க்கப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து மிச்சத்துக்குப் போவதென்றால் லண்டனை மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு போகவேண்டும். ரயில் மாறி, விம்பிள்டனில் டிராம் ஏறி, இறங்கி நடந்து. வழி முழுவதும் அப்பாவையும் திட்டினேன், தம்பியையும் திட்டினேன். நடுவில் நின்று எறிவாங்குகிற எனக்கு யார் புள்ளி போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

தம்பி கடைக்குப் போயிருந்தான். அவன் மனைவி பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். நித்திரையில்லாத முகம். பிள்ளை அப்படியே எங்கள் அப்பா, அந்த அகன்ற நெற்றியும் கோபக்கார மூக்கும். அவள் அதைக் கவனித்திருக்கவேண்டும், கலியாணத்துக்கு முன் தம்பி அவரது படத்தைக் காட்டியிருப்பான். தொட்டிலைச் சரிசெய்கிற சாட்டில் மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்.

"மச்சாள், மாமா பிள்ளையைப் பற்றிக் கேட்டவரோ?"

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். மருந்துக்கடையில் நாள்முழுக்க, இது கசக்காது, உடனே சுகமாகும் என்று சொல்கிறவள் நான். ஆனால் அன்றைக்கு வாய் வரவில்லை. "அவர் ஒருமாதிரியான ஆள்" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, "தேத்தண்ணி போடுறன்" என்று உள்ளே போனாள். அவள் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வரும்போது அப்பா ஃபோனை வைத்துக்கொண்டு இருந்தார். பிள்ளை எப்படி என்று கேட்கவில்லை. "அவன் திரும்பவும் வேண்டாம் எண்டிட்டான்," என்றார். "காணாதாக்கும். உன்ர வரிசையில முதலாம் ஆளும் என்னட்டத்தானே இருக்கிறான்? அவனையும் சேர்த்துப் போடுவமோ?"

எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கைப்பையை வீசி எறிந்தேன்.

"முழு அணியையும் குடுத்தாலும் அவன் எடுக்கமாட்டான் அப்பா! அவன் கேக்கிறது ஆக்களை இல்லை. அவன்ர மனிசியைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லுக் கதைக்கவேணும். அவள் உங்களை மாமா எண்டுதான் சொல்லுறாள். உங்களை ஒருநாளும் கண்ணால காணாதவள். நீங்கள் கேட்டனீங்களோ எண்டு என்னட்டக் கேட்டாள். நான் என்ன சொல்லுறது?"

அப்பா கேத்தில் பக்கம் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"என்ன சொன்னனி?"

"ஒண்டும் சொல்லேல்லை. சொல்ல என்ன இருக்கு?"

நான் குசினிக்குப் போய்க் காரணமில்லாமல் ஒரு கோப்பையைக் கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் ஃபோனை மடியில் வைத்து, ஒரு விரலால் ட்ரேட் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். முதலாம் ஆளையும் மூன்றாம் ஆளையும் சேர்த்திருந்தார். பதிலுக்கு யாரையும் கேட்கவில்லை. கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கும், ட்ரேட்டோடு ஏதும் சொல்லவிரும்பினால் எழுதலாம். நாங்கள் அதில் ஒருவரை ஒருவர் நக்கலடிப்போம், வேறொன்றுக்கும் பாவிப்பதில்லை.

"இதில தமிழில எழுதேலுமோ?" என்று கேட்டார்.

"ஏலும்."

பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பலகையை மாற்றிக் கொடுத்தேன். அவர் 'அன்புள்ள' என்று அடித்தார். அதற்கே வெகுநேரம் பிடித்தது. பிறகு விரலைத் தூக்கி அந்தரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். தம்பியின் பெயரை அடிக்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன்.

"பிள்ளை," என்று மெதுவாக என்னைக் கூப்பிட்டார், முகத்தைப் பார்க்காமல். "அவவின்ர பேர் என்ன?"

தம்பியின் அணியில் உள்ள அத்தனை வீரர்களின் பெயரும், ஊரும், எவனுக்கு எந்தத் தொடையில் நோ என்பதும் தெரிந்த மனிதர். மருமகளின் ஊரையும் ஆட்களையும் இரண்டு ஃபோனில் விசாரித்து அறிந்தவர். எனக்கு அழுகை வந்தது, அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

சொன்னேன். அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார்.