கல்லாவின் மேல் ஒரு சாக்கு

தாராவியில் அந்தக் கடைத்தெருவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தெருக்காரர் யார் செத்தாலும், பாடையோ முஸ்லிம்களின் சந்தூக்கோ கடக்கும்வரை எல்லாக் கடைகளின் ஷட்டரும் பாதி இறங்கும். முத்துமாரிக்கு ஷட்டர் கிடையாது. ஃபுட்பாத்தில் முருங்கைக்காயும் கருவேப்பிலையும் விற்கிறவளுக்கு ஏது ஷட்டர்? அவள் கூடையைச் சாக்கால் மூடிவிட்டு எழுந்து நிற்பாள்.

தெரு ஒன்றும் தானாக முளைத்துவிடவில்லை. அவள் வாக்கப்பட்டு வந்தபோது முழங்கால் சேறு. அவளும் புருஷன் கணேசபாண்டியனும் இடிந்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் கூடை கூடையாகச் சுமந்து கொட்டித்தான் கால் வைக்க இடமானது. பிறகு கடைகள் வந்தன, கண்ணாடி வந்தது, வியாபாரிகள் சங்கமும் வந்தது. மேடாக்கியவர்கள் ஃபுட்பாத்திலேயே நின்றுபோனார்கள்.

கணேசபாண்டியன் செத்த அன்று, சங்கச் செயலாளர் ஆறுமுகநயினார் மாலையோடு வந்தார். பாத்திரக்கடைக்காரர்.

"மனசுல வச்சுக்கிடாதிய அக்கா. ஷட்டர் எறக்கறது கடைக்காரங்களுக்கு மட்டுந்தான்னு சங்கத்துல முடிவு. தீவாளி வருது, தந்தா டைம்லா, யாவாரம் படுத்துரக் கூடாதுல்லா. அண்ணன் ஃபுட்பாத்துலதான இருந்தாரு?"

முத்துமாரிக்கு அழுகை நின்றுபோனது. இவன் அப்பன் செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்த மனுஷன் உள்ளே கிடக்கிறார். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் சொல்வான்!

பாடை கிளம்பியது. பெண்கள் சந்து முனையோடு நின்றுவிட வேண்டும். முத்துமாரி நிற்கவில்லை. பின்னாலேயே தெருவுக்கு வந்து பார்த்தாள். தோல் பைக் கடை சிராஜ் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே நின்றான். மற்ற கடைகளெல்லாம் ஆவென்று திறந்து கிடந்தன, வியாபாரம் ஜோராக நடந்தது.

"நில்லுங்கடே!" என்று தூக்கியவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

ஓரத்தில் கிடந்த தன் கூடையிலிருந்து சாக்கை உருவினாள். நேரே பாத்திரக்கடைக்குள் ஏறினாள். வாங்க வந்தவர்கள் விலகினார்கள். மண்ணும் கருவேப்பிலை உதிரியும் கொட்ட, ஆறுமுகநயினாரின் கல்லாப்பெட்டி மேல் அதை விரித்தாள்.

"ஒங்க அய்யா போவும்போது இந்தச் சாக்கப் போட்டுத்தான் யாவாரத்த மூடுனேன், அண்ணாச்சி. அன்னைக்கு ஃபுட்பாத்துக்காரி மரியாதை இனிச்சுதா? எங்க வீட்டுக்காரரு தெருவத் தாண்டுற வரைக்கும் இது இங்கனதான் கெடக்கும். கைய வச்சுப் பாருங்க!"

வாசலில் நின்று, பாடை போகலாம் என்று கையைக் காட்டினாள்.

கணேசபாண்டியன் தெருவைத் தாண்டும்வரை அந்தக் கல்லா திறக்கவில்லை.