அம்பாசிடருக்குள் புகுந்த காற்று

நாமக்கல்லில் பழைய கார் பிரேக் பார்க்கிற தொழில், மீன் மார்க்கெட்டில் பூக்கடை வைத்த மாதிரி. சுற்றிலும் லாரிப் பட்டறைகள். லாரியில் காற்றுதான் பிரேக்கைப் பிடிக்கும். பழைய காரில் ஆயில் பிடிக்கும். அந்த ஆயிலுக்குள் கொஞ்சம் காற்று புகுந்தாலும் போச்சு. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், கார் தன் இஷ்டத்துக்குப் போகும். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து அந்தக் காற்றை வெளியேற்றுவது என் பிழைப்பு. பழைய கார் வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் அதற்கு அடியில் மல்லாந்து கிடக்கும் ஜென்மங்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

லாரிக்காரர் வைத்தியம்

நல்லமுத்து அண்ணன் நாலு லாரிக்கு முதலாளி. லாரிகளை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஆசைக்கு ஒரு வெள்ளை அம்பாசிடர் வாங்கினார். வாங்கிய வாரமே பெடல் அமுங்கியது. இத்தனை வருட லாரி அனுபவம் சும்மா இருக்குமா? கம்ப்ரஸர் டியூபை எடுத்து பிரேக் ஆயில் டப்பாவுக்குள் விட்டுக் காற்றடித்துவிட்டார். ஆயில் பீய்ச்சியடித்து பானெட் பெயின்ட் உரிந்தது. அதற்கும் அடங்காமல், மனைவி கமலம் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து வெள்ளோட்டம் போனார். கார் நேராகப் போய்க் கோழித்தீவன மூட்டைகள் மேல் மோதி நின்றது. அக்கா லேசுப்பட்டவர் இல்லை. தோட்டத்து டிராக்டரிலிருந்து மகனுடைய கார் வரை ஓட்டுகிறவர். இறங்கினார், தலையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார், நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு மேட்டூரில் பேத்திக்குக் காது குத்து. சம்பந்தி வீட்டு வாசலில் அம்பாசிடரில் ஜோடியாகப் போய் இறங்க வேண்டும் என்பது அண்ணனின் கனவு. அக்காவோ, இனி அந்தக் காரில் கால் வைக்கமாட்டேன், பஸ்ஸில்தான் போவேன் என்று சொல்லிவிட்டார். காரைக் கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்த அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஏன் காற்றடித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏனுங் தம்பி, பிரேக் புடிக்கலைன்னா காத்து பத்தலைன்னுதானுங்களே அர்த்தம்?"

மொட்டையான நிப்பிள்

"டூல்ஸ் என்னென்னன்னு மட்டும் சொல்லு, இனி நானே பாத்துக்கறேன்" என்றார் அண்ணன். அடுத்தவனுடைய ஸ்பானரைத் தொடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நான் பதில் சொல்வதற்குள் தன் லாரி டூல்ஸ் பெட்டியிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் ஸ்பானரை எடுத்து நிப்பிளைத் திருகினார். ஸ்பானர் வழுக்கி, நிப்பிள் மூலையெல்லாம் மழுங்கி மொட்டையாகிவிட்டது.

வேறு நிப்பிள் மாட்டினேன். இந்தக் கார் அங்குலக் கணக்கில் செய்தது, ஆறு பக்கமும் கவ்விப் பிடிக்கிற அங்குல ரிங் ஸ்பானர்தான் வேண்டும் என்று விளக்கினேன். இருவரும் சேலத்துக்குப் போய் ஒவ்வொரு டூல்ஸ் கடையாக ஏறி இறங்கினோம். கடைசிக் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழைய இரும்புக் கடையில கேளுங்க, அங்க இல்லைன்னா வெள்ளக்காரனத்தான் கேக்கோணும்."

பழைய இரும்புக் கடையில் கிடைத்தது.

நிற்காத குமிழி

அடுத்து ஆன்லைனில் ஒரு கைப்பம்பு வரவழைத்தார். நிப்பிளில் மாட்டி உறிஞ்சினால் காற்று தானாக வந்துவிடுமாம். வந்தது. வந்துகொண்டே இருந்தது. மத்தியானம் வரை உறிஞ்சியும் குமிழி நிற்கவில்லை. நிப்பிள் மரை வழியாக வெளிக்காற்றையே இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. பக்கத்துப் பட்டறை லாரி மெக்கானிக் ஆறுமுகம் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க மாமனாரு மொச்சக்கொட்ட தின்னாலும் இப்பிடித்தானுங்க, நிக்கவே நிக்காது."

கோழி ஊசி

வெள்ளிக்கிழமை அண்ணன் தன் சிநேகிதர் பண்ணையிலிருந்து கோழிக்குத் தடுப்பூசி போடுகிற பெரிய சிரிஞ்சும், மருந்துக் கடையிலிருந்து குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபும் கொண்டுவந்தார். கீழேயிருந்து ஆயிலை ஏற்றினால் காற்று மேலே போய்விடும் என்பது திட்டம். குறை சொல்லக் கூடாது, யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஆயில் பட்டதும் சிரிஞ்சுக்குள் இருந்த ரப்பர் ஊதிப்போய்ப் பாதியில் இறுகிவிட்டது. டியூப் மட்டும் தேறியது. அதில் குமிழி பளிச்சென்று தெரிந்தது. சிரிஞ்சைக் கழுவித் தருவதாக அண்ணன் சொன்னபோது, அதைத் தேடி வந்த பண்ணை சூப்பர்வைசர் இரண்டடி பின்வாங்கினார்.

"அத நீங்களே வெச்சுக்குங்க சாமி, கோழிக்குப் பிரேக் புடிச்சுட்டா முட்டைய யாருங்க போடறது?"

கால்

சனிக்கிழமை வந்துவிட்டது. மிஞ்சியது பழைய முறை: ரிங் ஸ்பானர், டியூப், அதன் முனை முங்குகிற அளவு ஆயில் ஊற்றிய பாட்டில், பெடலுக்கு ஒரு ஆள். நான் பெடலுக்குத் தூரமான பின்சக்கரத்துக்கு அடியில் படுத்தேன். அண்ணன் பெடலுக்கு உட்கார்ந்தார். மெதுவாக மிதித்துப் பிடியுங்கள், நான் நிப்பிளை மூடினேன் என்று சொன்ன பிறகு காலை எடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நெல் மிதிப்பதுபோல் தட்தட்டென்று மிதித்தார். நான் மூடுவதற்குள் காலை எடுத்தார். வெளியேறிய காற்றெல்லாம் சர்ரென்று உள்ளே திரும்பியது. மூன்று முறை இப்படி. மரியாதைக்குரிய மனிதரை என்னவெல்லாம் திட்டலாம் என்று காருக்கு அடியில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது, முதல் நாளே மேட்டூர் பஸ்ஸுக்குப் போகிற வழியில் வீட்டுச் சாவியைக் கொடுக்க அக்கா வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஏனுங்க, எறங்குங்க" என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மிதி என்றால் மிதித்தார். பிடி என்றால் பிடித்தார். மூடினேன் என்று சொல்லும்வரை கால் அசையவில்லை. ஒரு மணி நேரத்தில் நாலு சக்கரமும் முடிந்து, டியூபில் சுத்தமான ஆயில் வந்தது. ரோட்டில் தானே ஒரு சுற்று ஓட்டி, சடாரென்று பிரேக் அடித்துப் பார்த்தார். கார் அடித்த இடத்தில் நின்றது. அண்ணன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்லயே வாரேன். ஆனா இந்தப் பெடலு எங்காலுக்குக் கீழதான் இருக்கோணும்."

ஞாயிறு காலை

மேட்டூர் போகிற வழியில் பட்டறை முன்னால் கார் நின்றது. ஓட்டுவது அக்கா. பக்கத்து சீட்டில் அண்ணன்: பட்டு வேட்டி, மடியில் சீர்த்தட்டு, முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் எதிரே ஒரு நாய் குறுக்கே போனதும், நின்ற காரிலேயே அவர் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"இந்தப் பக்கமும் ஒரு பெடல் வெச்சுக் குடு சாமி, பாவம், வெறுந்தரைய மிதிச்சுக்கிட்டே வாராரு. அதுல காத்து இருந்தாக்கூடப் பரவால்ல."

பிரேக்கில் புகுந்த காற்றை எடுக்க ஸ்பானர், பம்பு, ஊசி என்று எத்தனையோ உண்டு. மண்டையில் புகுந்த காற்றை எடுக்கக் கல்யாணம் ஒன்றுதான் உண்டு, அதற்கும் கேரன்டி கிடையாது.