டானுக்கு நடுவே ஒரு கோடு

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய நான் கணக்கைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான்.

புவனாவின் விரல் பட்ட கீபோர்டு எழுத்துகளில் எல்லாம் வெள்ளையாகத் தூள் படிந்தது. பீங்கான் தூள். விருத்தாசலத்தில் அவள் அப்பா சூளை வேலை பார்த்த செராமிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த கப்புகளை அம்மாவோடு சேர்ந்து பேப்பரில் சுற்றி வைத்துவிட்டு நேராக வந்திருந்தாள். அன்று இரவு பஸ்ஸில் அவர்கள் குடும்பத்தோடு திருப்பூருக்குக் கிளம்புவதாக இருந்தது. பிளஸ் ஒன்னில் அவளும் நானும் ஒரே பெஞ்ச். "பிளஸ் டூ முடியுற வரைக்கும் புள்ள எங்க வூட்டுலயே இருக்கட்டும்" என்று கேட்க என் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார். பெரியவர்கள் பேசட்டும் என்று எங்களை வெளியே அனுப்பியதும், அவள் என்னைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து "பிரவுசிங் சென்டரு"க்கு இழுத்துவந்தாள்.

"நாளைக்குக் கணக்கு மிஸ் டான் வளைவு நடத்துவாங்கடி. நான் இருப்பனோ இல்லையோ, இன்னைக்கே பாத்துடணும்."

கோடு வரையும் இணையப் பக்கம் ஒன்றில் முக்கோணவியலில் வரும் சைன் வளைவைச் சிவப்பிலும் காஸ் வளைவை நீலத்திலும் வரவைத்தாள். ஒரே படம் இரண்டு தடவை வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

"ரெண்டும் ஒரே வளைவுதான்டி. காஸு கொஞ்சம் முன்னாடியே கெளம்பிடுச்சி, அவ்ளோதான்."

கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்தார். "படம் பாக்க வந்துதுங்கன்னு நெனச்சா, கோடு பாக்குதுங்களே!"

"எங்க கைக்கு இவ்ளோ அழகா வளையாதுண்ணா" என்று அவள் சிரித்தாள்.

பிறகு டான். மேலே ஏறிக்கொண்டே போன வளைவு, தொண்ணூறு டிகிரியில் திரையின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு நேர்க்கோடாக விழுந்தது. புத்தகப் படத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது. புத்தகம்தான் தப்பு என்றேன். அவள் தொண்ணூறுக்கு முன்னும் பின்னுமாக எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

"அது கோடே இல்லடி. இந்தப் பக்கம் மேல போயிட்டே இருக்குது, அந்தப் பக்கம் கீழேருந்து வருது. நடுவுல ஒண்ணுமே இல்ல. அது தெரியாம கம்ப்யூட்டரு இழுத்துச் சேத்துடுது."

திரும்பிப் போனபோது அவள் அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்கக்கா, பொண்ண இங்க வுட்டுட்டுப் போனா எனக்குச் சோறு எறங்காது" என்று என் அம்மாவிடம் அழுதார். புவனா அழவில்லை. "நாளைக்கு மிஸ் அந்தக் கோட்டப் போடுறாங்களான்னு பாரு" என்றாள். "போயிட்டு வரேன்" என்றாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

இப்போது என் மகள் செல்போனிலேயே இதையெல்லாம் வரைகிறாள். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் மருந்துக்கடை. போன வாரம் டான் வரைந்து காட்டச் சொன்னேன். கோடு இல்லை, நடுவில் வெறுமையாக விட்டுவிட்டு, அந்தப் பக்கம் கீழேயிருந்து சரியாகத் தொடங்குகிறது. எனக்குத்தான் அந்தப் பொய்க்கோட்டை இன்னும் ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது.

அன்று, அவள் போன மறுநாள் திங்கட்கிழமை, மிஸ் டான் நடத்தினார்கள். கோடு போடவில்லை. நான் பெஞ்சில் அவள் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு ஓரமாகவே உட்கார்ந்திருந்தேன்.