வெட்டுத்துணி

சைதாப்பேட்டைத் தையல்காரி தங்கபுஷ்பம் துணி திருடுகிறாள் என்று சர்ச் முழுக்கச் சொல்லிவைத்தவள் ஜெயசீலி. அப்பட்டமான பொய், நானும் தங்கபுஷ்பத்திடம்தான் தைக்கக் கொடுப்பேன். அன்றிலிருந்து தங்கபுஷ்பம் விரலளவு வெட்டுத்துணியைக்கூட முடிச்சாகக் கட்டி, தைத்த ரவிக்கையோடு திருப்பிக் கொடுத்தாள். சர்ச்சில் திருவிருந்து வாங்க முழங்கால் போட்டால் அவளுக்கு ஜெயசீலியின் முகம்தான் குறுக்கே வந்து நிற்கும்.

எழுபத்திரண்டாம் வருஷக் கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் வேறு யாரும் தைக்க ஒப்புக்கொள்ளாமல், ஜெயசீலியே மகளின் கவுனுக்குத் துணியோடு வந்தாள். தங்கபுஷ்பம் தைத்தாள். மீந்ததை அவள் முகத்துக்கு நேரே நீட்டவேண்டும் என்றுதான் முடிச்சும் போட்டாள். நீட்டினால் மன்னித்ததாகாது என்று பட்டது. அவிழ்த்தாள்.

கவுனை வாங்கும்போது ஜெயசீலி தயங்கிக் கேட்டாள்: "துணி மீந்துச்சாக்கா?"

"மீந்துச்சு. கழுத்துக்கு ஃப்ரில் வெச்சுட்டேன். புள்ளைக்கு நல்லாருக்கும்."

அதன்பிறகு தங்கபுஷ்பம் யாருக்கும் முடிச்சுக் கட்டவில்லை.