ரப்பர் பாலில் ஒட்டிய லொறிக்காரர்

என் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் பழைய கலண்டர் தாள்கள் ஒரு கட்டு இருக்கின்றன. ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் சிங்களப் பத்திரிகையில் வந்த படக்கதைத் துண்டுகள், மூன்று கட்டம் மூன்று கட்டமாக வெட்டி ஒட்டியவை. ஒட்டியது பசையால் அல்ல, ரப்பர் பாலால். புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கடைக்குப் போய்ப் பசை வாங்குகிற பைத்தியம் யாரும் இல்லை. பால் காய்ந்து, சாயத் தேநீர் நிறமாகி ஓரங்களில் பிதுங்கி நிற்கிறது. கடைசித் தாளின் அடியில் மட்டும் படம் இல்லை. ஒட்டிய பிறகு பிய்த்தெடுத்த நீளமான கறையும், அதன் மூலையில் நகமளவு காகிதமும்தான் இருக்கின்றன. இதையெல்லாம் ஒட்டியவர் என் மாமியார்.

நான் ஹட்டன் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரை படித்திருந்ததால் லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் 'படிச்ச மருமக' என்று பெயர். அது பாராட்டா நக்கலா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் மாமியாரும் நானும்தான். மாமியாருக்கு எந்தப் பாஷையிலும் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் தமிழ் பேசுகிற அதே வேகத்தில் சிங்களமும் பேசுவார். நான் அதற்கு நேர் எதிர். தமிழை எழுத்துக்கூட்டாமல் படிப்பேன். சிங்களத்தில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் சிங்களப் பாடத்துக்கு ஆசிரியரே வரவில்லை.

வந்த மூன்றாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல். சந்திக் கடை முதலாளி கருவாடு சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாளை மாமியார் கையால் நீவி என் மடியில் வைத்தார். அடர்ந்த மீசையுடன் ஒருவர் லொறி ஓட்டுகிற படக்கதை.

"படிச்ச புள்ளதானே, இதுல என்னா போட்டிருக்குன்னு சொல்லு" என்றார்.

லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். படித்தவளைக் கட்டிக்கொண்டு வந்து என்ன பிரயோசனம் என்று பேசியவர்கள் அவர்கள்தான். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீசைக்காரர் தொலைந்துபோன தங்கச்சியைத் தேடி ஊர் ஊராக லொறி ஓட்டுகிறார் என்று அவிழ்த்துவிட்டேன். மாமியார் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். அன்று பிடித்தது சனி.

அதற்குப் பிறகு கடையிலிருந்து எந்தப் பொட்டலம் வந்தாலும் முதலில் தாளைத்தான் பார்ப்பார். மீசைக்காரர் இருந்தால் வெட்டி வைத்துக்கொண்டு, தான் வெட்டிய ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும்போது வாளியின் அடியில் மிஞ்சியதைத் தொட்டு ஒட்டுவார். பொட்டலத் தாளுக்கு நாளும் கிழமையும் ஏது? ஒரு வாரம் மீசைக்காரரின் கையில் கட்டு இருக்கும். அடுத்த வாரம் கட்டு இருக்காது. அதற்கடுத்த வாரம்தான் லொறியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொள்வார். 'போன வாரமே ஆறிப்போன கைதானே புள்ள?' என்று மாமியார் மடக்குவார். அது வேறு கை என்பேன். ஒருமுறை பல்பொடி விளம்பரத்தையும் படக்கதை என்று ஒட்டிவிட்டார். அதற்கும் நான் அசரவில்லை. மீசைக்காரருக்குப் பல்வலி வந்து இரண்டு ஞாயிறு ஓடியது.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்த நாட்களில் சனிக்கிழமை இரவெல்லாம் மறுநாள் கதையைக் கோத்துக்கொண்டு கிடப்பேன். மாமியார் இந்தக் கதையை மலையில் பால் வெட்டுகிற பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என் பொய் வெளிப்பட்டால் அவமானம் எனக்கு மட்டுமல்ல, அவருக்கும்தான். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது படிச்சவள் என்ற அந்த ஒரு பெயர்தான்.

ஒன்றரை வருடம் கழிந்திருக்கும். முதலாளியின் மகள் கல்யாணம் சொல்ல லயத்துக்கு வந்தாள். நான் உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் காதால் கேட்டால் விளங்குகிற அளவுக்கு எனக்குச் சிங்களம் வந்திருந்தது. அது மாமியாருக்குத் தெரியாது. கலண்டர் தாள்களைப் பார்த்த அந்தப் பெண், 'நான்தான் இதைக் கடையிலேயே உங்களுக்குப் படித்துக் காட்டினேனே, பிறகு எதற்கு இதெல்லாம்?' என்று கேட்டாள். மாமியார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: உன் கதையில் அந்த ஆள் கள்ளக் கடத்தல்காரன், என் மருமகள் கதையில் நல்ல மனுசன், எனக்கு அவள் கதைதான் வேண்டும், அவளிடம் வாயைத் திறந்துவிடாதே.

தேநீரில் இன்னொரு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த ஞாயிறும் மீசைக்காரர் தங்கச்சியைத் தேடிக்கொண்டுதான் போனார்.

அடுத்த மாதமே வீட்டுக்காரர் என்னையும் பால் வெட்டப் பேர் பதியச் சொன்னார். மாமியார் எழுந்து நின்றார்.

"இவ மலைக்குப் போக வேணாம். புள்ளைங்களுக்குக் கதை சொல்லட்டும்" என்றார்.

தோட்ட முன்பள்ளிக்கு உதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மலையில் கதை கேட்ட அத்தனை பெண்களையும் கூட்டிக்கொண்டு போய், என்னைத்தான் எடுக்க வேண்டும் என்று நின்றார். எடுத்தார்கள். சிங்கள எழுத்தை அங்கே பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் படித்தேன்.

கொஞ்ச நாளில் மீசைக்காரர் படம் வருவது நின்றுபோனது. கடையில் இப்போதெல்லாம் பிளாஸ்டிக் ஷொப்பிங் பேக்கில்தான் போடுகிறார்கள் என்றார் மாமியார். "படம் இல்லாட்டி என்னா, நீ சொல்லு" என்றார். படமே இல்லாமல், அவர் கண்ணை மூடும்வரை, எத்தனையோ ஞாயிறு சொன்னேன்.

இன்று அந்த முன்பள்ளிக்குப் பொறுப்பு நான்தான். பெற்றோர் சேர்ந்து படக்கதைத் தொகுப்புகள் வாங்கச் சொன்னதால் போன வாரம் கேகாலைக்குப் போனேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பத்திரிகையில் கறுப்பு வெள்ளையில் வந்ததற்குப் பிறகு வர்ணம் பூசியிருந்தால் தொடமாட்டேன். மூன்று கட்டத்தைப் பிரித்து மேலும் கீழும் அடுக்கியிருந்தால் சிரிக்க வேண்டிய இடத்தில் பக்கம் திரும்பிவிடும், அதுவும் வேண்டாம். தொடர்கதையில் முதல் பாகத்தை மட்டும் வாங்கவே கூடாது, இரண்டாம் பாகம் அந்தக் கடைக்கு வந்து சேராது. சின்னப் பிள்ளைகளுக்கு அன்றன்றைக்கே முடிகிற சிரிப்புத் துண்டுகள்தான் நல்லது. அப்படி இரண்டு புத்தகம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது, தட்டில் மீசைக்காரர் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். முழுத் தொகுப்பு, பத்திரிகையில் வந்த அதே அளவு, அதே வரிசை. என் சொந்தக் காசில் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் படித்தேன். கடத்தல்காரர்தான். தங்கச்சியே கிடையாது. கடைசித் துண்டு மட்டும் மூன்று கட்டமல்ல, நான்கு கட்டம். லொறி பள்ளத்தில் கவிழ்ந்து மீசைக்காரர் செத்துப்போகிறார். நாலாவது கட்டத்தின் மூலையில் ஒரு சக்கரம் தனியாகக் கிடக்கிறது.

அலுமாரியைத் திறந்து கலண்டர் கட்டை எடுத்தேன். கடைசித் தாளின் கறைமேல் அந்தப் பக்கத்தை வைத்துப் பார்த்தேன். நீளம் சரியாக இருந்தது. பாலில் ஒட்டிக்கொண்டு வராமல் நின்ற அந்த நகமளவு காகிதத்தில் இருந்தது அதே சக்கரத்தின் பாதி. ஆக, ஷொப்பிங் பேக் எல்லாம் பொய். ஒட்டிய பிறகு கடையில் முடிவைக் கேட்டிருக்கிறார், வந்து பிய்த்துப் போட்டிருக்கிறார். நான் மட்டும்தான் அந்த வீட்டில் பொய் சொன்னேன் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து அழுதேன். மாமி, உங்களை நினைத்து நல்லா அழுதேன்.

சிரிப்புப் புத்தகங்கள் இரண்டையும் முன்பள்ளித் தட்டில் வைத்துவிட்டேன். தொகுப்பு என்னிடமே, சேலைகளுக்கு அடியில், கலண்டர் கட்டோடு இருக்கிறது. திங்கட்கிழமை, வழக்கமாக என்னிடம் மீசைக்காரர் கதை கேட்கும் பிள்ளைகள், அவர் இப்போது எந்த ஊரில் என்று கேட்டார்கள். மாவனல்லையைத் தாண்டிவிட்டார் என்றேன்.